திறந்த மூல மென்பொருளாக்கத்தில் தொடர் ஒருங்கிணைப்பும் காலவரம்பு மீறலும்: தமிழ்ப் புணர்ச்சிச் சோதனையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திறந்த மூல மென்பொருள்களில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்னும் தானியங்கு முறையால் கட்டமைக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. அச்சோதனைக்கு ஒதுக்கப்பட்ட காலம் தீர்ந்துவிட்டால், மாற்றம் சரியானதா பிழையானதா என்பது தெரியாமலேயே பணி நிறுத்தப்படும். இந்தக் காலவரம்பு மீறலின் காரணங்களையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்ப் புணர்ச்சி விதிகளைச் சோதிக்கும் நிரல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சோதனைச் சொற்களை வெட்டிக் குறைப்பதால் மொழியின் சிறப்புவிதிகளே முதலில் விடுபடுகின்றன என்பதும், இலக்கண நூல்களின் பொதுவிதி, சிறப்புவிதிப் பகுப்பைச் சோதனை அமைப்புக்கு அடிப்படையாக்கினால் காலமும் மிஞ்சும், விதியும் காக்கப்படும் என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கணினித்தமிழ், திறந்த மூல மென்பொருள், தொடர் ஒருங்கிணைப்பு, கட்டமைப்பு, காலவரம்பு மீறல், புணர்ச்சி, சிறப்புவிதி.

முன்னுரை

கணினித்தமிழ் ஆய்வில் இலக்கணப் புலமையும் நிரலாக்கத் திறனும் ஒருசேர வேண்டப்படுகின்றன. சொற்பிழை திருத்தி, சந்திப்பிழை திருத்தி, உருபனியல் பகுப்பாய்வி முதலான கருவிகளில் பல, தன்னார்வலர்களின் உழைப்பால் திறந்த மூல மென்பொருள்களாக வளர்ந்துவருகின்றன. முத்து அண்ணாமலை உள்ளிட்டோரின் முயற்சியால் உருவான ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகம் இதற்குத் தக்க சான்றாகும். இத்தகைய மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம். திருத்தத்தை எவரும் முன்மொழியலாம். முன்மொழியப்பட்ட திருத்தம் முன்பிருந்த ஒன்றைக் கெடுக்கிறதா என்பதை மட்டும் யாரேனும் சோதித்தாக வேண்டும். தன்னார்வலர் சிலரே பேணும் திட்டத்தில் அப்பொறுப்பை இயந்திரமே ஏற்கிறது.

இயந்திரத்தின் காலமும் எல்லைக்குட்பட்டதே. எல்லை கடந்தால் சோதனை இடையில் நிற்கும். மென்பொருட் பொறியியல் இதனை நன்கு ஆராய்ந்துள்ளது. தமிழ்த்துறை சார்ந்த கணினித்தமிழ் ஆய்வுகளோ விதிகளை வகுப்பதிலும் தரவைத் தொகுப்பதிலும் காட்டும் அக்கறையை, அவ்விதிகள் நாள்தோறும் சோதிக்கப்படும் முறைமையின்மீது காட்டுவது அரிது.

ஆய்வுச் சிக்கல்

இக்கட்டுரையாளர் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில், தன்னார்வத் திட்டம் ஒன்றிற்கு மரப்பெயர்ப் புணர்ச்சி குறித்த விதிகளையும் அவற்றுக்கான சோதனைச் சொற்களையும் எழுதி அனுப்பினார். விதிகளில் பிழை காட்டப்படவில்லை. ஆயினும் சோதனை ஒவ்வொரு முறையும் காலவரம்பைத் தாண்டி நின்றது. சொற்பட்டியலைப் பாதியாகக் குறைத்தால் ஏற்கலாம் என்னும் மறுமொழி வந்தது. பட்டியல் குறைக்கப்பட்டது, மாற்றமும் ஏற்கப்பட்டது. பின்னர் வேறொருவர் ஐகார ஈற்று விதியைச் சுருக்கி எழுதியபோது, ‘பனங்காய்’ என வரவேண்டிய இடத்தில் ‘பனைக்காய்’ என வந்தது. அதனைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய சோதனை, நீக்கப்பட்ட பாதியில் இருந்தது. இதில் எவரையும் குறைகூற இயலாது. ஒப்புக்கொண்டு பட்டியலைக் குறைத்தவரும் இக்கட்டுரையாளரே. காலச் சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வு மொழிச் சிக்கலாக மாறிய அந்த நிகழ்வே இவ்வாய்வுக்குத் தோற்றுவாய்.

ஆய்வு நோக்கமும் கருதுகோளும்

காலவரம்பு மீறலின் வகைகளையும் காரணங்களையும் பிரித்தறிதல், அவற்றுக்குரிய தீர்வுகளை வரிசைப்படுத்துதல், அவற்றுள் தமிழ்மொழிக் கருவிகளுக்குப் பொருந்துவன எவை, தீங்கு பயப்பன எவை எனக் காணுதல் ஆகியவை இவ்வாய்வின் நோக்கங்கள். காலவரம்பு மீறலைக் குறைத்தல் என்பது சோதனைகளின் எண்ணிக்கையைக் கண்மூடித்தனமாகக் குறைத்தல் அன்று. எச்சோதனை எப்போது நிகழ வேண்டும் என வகைதொகை செய்தலே என்பது கருதுகோளாகும். விளக்க அணுகுமுறையும் பகுப்பாய்வு அணுகுமுறையும் பின்பற்றப்பட்டுள்ளன.

தொடர் ஒருங்கிணைப்பு: தோற்றமும் வளர்ச்சியும்

மூல நிரலின் எப்பகுதி மாறியதோ அப்பகுதியை மட்டும் மீண்டும் கட்டமைக்கும் எண்ணம் பழையது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி அதனைச் செய்தது. பலர் எழுதும் நிரல்களை அடிக்கடி ஒன்றிணைத்துச் சோதிக்கும் முறை 1990களில் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ எனப் பெயர் பெற்றது. கென்ட் பெக் வகுத்த ‘தீவிர நிரலாக்கம்’ என்னும் நெறி இதனைத் தன் கூறுகளுள் ஒன்றாக ஏற்றது. 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் ஃபௌலர், மேத்யூ ஃபோமெல் ஆகியோர் எழுதிய கட்டுரை இதனைப் பரவலாக்கியது. கட்டமைப்பும் சோதனையும் பத்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்பது கென்ட் பெக் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் வலியுறுத்திய நடைமுறையாகும். சோதனை முடிவுக்குக் காத்திருப்பவரின் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

தொடக்கத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்கெனக் கணினி அமைத்து இப்பணியைச் செய்தது. 2011இல் தோன்றிய டிராவிஸ் சிஐ, திறந்த மூலத் திட்டங்களுக்கு இச்சேவையைக் கட்டணமின்றி வழங்கி நிலைமையை மாற்றியது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் கட்டணமுறையை மாற்றியமைத்தது. 2021இல் திறந்த மூலத் திட்டங்களுக்கான அதன் பழைய தளம் மூடப்பட்டது. திட்டங்கள் பல, 2019இல் தொடர் ஒருங்கிணைப்புச் சேவையாக முழுமையாக வெளிவந்த கிட்ஹப் ஆக்சன்ஸ் முதலியவற்றிற்கு இடம்பெயர்ந்தன. தன்னார்வத் திட்டங்கள் பயன்படுத்தும் சோதனைக் காலம் பெரும்பாலும் பிறர் அளிக்கும் கொடை என்பதும், கொடையின் அளவு கொடுப்போரின் முடிவுக்கேற்ப மாறக்கூடியது என்பதும் இவ்வரலாற்றால் புலனாகின்றன.

செயல்முறை

பங்களிப்பாளர் ஒருவர் மாற்றக் கோரிக்கை அனுப்பியவுடன் சேவை வழங்குநரிடம் புதிய கணினி ஒன்று ஒதுக்கப்படுகிறது. அதில் ஐந்து படிகள் நிகழ்கின்றன: மூல நிரல் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்படுகிறது; சார்பு நிரலகங்கள் பதிவிறக்கப்படுகின்றன; நிரல் கட்டமைக்கப்படுகிறது; சோதனைகள் இயக்கப்படுகின்றன; முடிவு பதிவேட்டுடன் அறிவிக்கப்படுகிறது. பணி முடிந்ததும் அக்கணினி அழிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வெறுங்கணினியிலிருந்து தொடங்குவதால் முன்னைய பணியின் எச்சம் முடிவைப் பாதிப்பதில்லை. இது இம்முறையின் வலிமை. அதே காரணத்தால், நேற்றுச் செய்த பதிவிறக்கமும் கட்டமைப்பும் இன்றும் செய்யப்பட வேண்டும். காலச் செலவின் வேர் இதுவே.

காலவரம்பின் வகைகள்

காலவரம்பு இருவகைப்படும். ஒன்று முழுக்காலவரம்பு, மற்றொன்று மௌனவரம்பு.

முழுக்காலவரம்பு, பணி தொடங்கியது முதல் முடியும்வரை கணக்கிடப்படுவது. டிராவிஸ் சிஐ தளத்தில் திறந்த மூலத் திட்டத்தின் ஒரு பணிக்கு 50 நிமிடங்கள் அளிக்கப்பட்டன. கிட்லேப் சேவையில் இயல்பான வரம்பு 1 மணி நேரம். கிட்ஹப் வழங்கும் கணினிகளில் ஒரு பணி 6 மணி நேரம்வரை இயங்கலாம்.

மௌனவரம்பு, பதிவேட்டில் எதுவும் எழுதாமல் பணி எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது. டிராவிஸ் சிஐ, சர்க்கிள்சிஐ ஆகியவற்றில் இது 10 நிமிடங்களாக அமைந்தது. நிரல் உள்ளே முறையாக இயங்கிக்கொண்டிருந்தாலும் வெளியே எதுவும் எழுதாவிட்டால், முடங்கிவிட்டதாகக் கருதி நிறுத்தப்படும்.

இவ்வேறுபாட்டை அறியாமல் தீர்வு தேடுவது பயன்தராது. மௌனத்தால் நின்ற பணிக்குச் சோதனையைக் குறைக்க வேண்டியதில்லை. எத்தொகுதி முடிந்தது என்பதை அவ்வப்போது பதிவேட்டில் எழுதினாலே போதும். அதேவேளையில், உண்மையாகவே முடங்கிய நிரல் வெறும் புள்ளிகளை எழுதிக்கொண்டிருக்குமாறு செய்வது நோயை மறைப்பதாகும். பொருளுள்ள முன்னேற்றச் செய்தியே எழுதப்பட வேண்டும்.

காலவரம்பு மீறலின் காரணங்கள்

2019இல் தாஹெர் கலேப், டேனியல் டா கோஸ்டா, யிங் சோ ஆகியோர் 67 கிட்ஹப் திட்டங்களின் ஒருலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டமைப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிரலின் அளவு மட்டுமே நீண்ட காலத்திற்குக் காரணம் அன்று. தோல்வியுற்ற கட்டளையைப் பலமுறை மீண்டும் இயக்குதல் போன்ற அமைவுத் தெரிவுகளும் காலத்தை நீட்டுகின்றன என்பது அவர்களின் முடிபுகளுள் ஒன்று. மாறாத பொருள்களை இடைச்சேமிப்பில் வைத்தால் காலம் குறையலாம் என்பதும் அதில் சுட்டப்பட்டது.

காரணங்களை நான்காகத் தொகுக்கலாம்.

1. ஆயத்தச் செலவு: களஞ்சியத்தை எடுத்தல், சார்பு நிரலகங்களை நிறுவுதல் ஆகியன. உரைத்தரவுத் தொகுதிகள் களஞ்சியத்திற்குள்ளேயே இருக்கும் மொழிக் கருவிகளில் இது மிகுதி. கோப்பின் பழைய பதிப்புகள் அனைத்தும் களஞ்சிய வரலாற்றில் தங்கிவிடுவதால் சுமை ஆண்டுதோறும் கூடும்.

2. சோதனைப் பெருக்கம்: ஒரு நிலைமொழிப் பட்டியலையும் ஒரு வருமொழிப் பட்டியலையும் ஒன்றோடொன்று பெருக்கிச் சோதிப்பது போன்றவை. பட்டியல்கள் இரட்டித்தால் சோதனை நான்கு மடங்காகும்.

3. முடக்கம்: இரு செயல்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்றல், பதில் தராத வழங்கிக்குக் காத்திருத்தல், எவரும் இல்லாத கணினியில் விசைப்பலகை உள்ளீட்டை எதிர்பார்த்தல் ஆகியன.

4. நிலையற்ற சோதனைகள்: நிரல் மாறாதபோதும் ஒருமுறை வெற்றியும் மறுமுறை தோல்வியும் காட்டுபவை. அப்பாச்சி அமைப்பின் 51 திட்டங்களில் இத்தகைய சோதனைகளைத் திருத்திய 201 மாற்றப் பதிவுகளை டார்கோ மரினோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் ஆராய்ந்தனர். ஒத்திசைவற்ற செயல் முடியும்வரை முறையாகக் காத்திராமை, ஒருங்கியக்கச் சிக்கல், சோதனை வரிசையைச் சார்ந்திருத்தல் ஆகிய மூன்றும் முதன்மைக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. இவற்றைத் திருத்தாமல் ‘மீண்டும் இயக்கு’ என்னும் கட்டளையால் கடப்பது காலத்தைப் பெருக்குகிறது.

புணர்ச்சிச் சோதனையின் அளவு

இரண்டாம் காரணமாகிய சோதனைப் பெருக்கம் தமிழ்க் கருவிகளில் எவ்வாறு எழுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். நன்னூலார் மொழிக்கு ஈறாகும் எழுத்துகளை 24 எனவும் முதலாகும் எழுத்துகளை 22 எனவும் வரையறுத்தார். எனவே நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் இடங்கள் 24 × 22 = 528. வேற்றுமை, அல்வழி என இருவகையாக நோக்கின் 1,056 கட்டங்கள் ஆகும்.

ஒவ்வோர் ஈற்றுக்கும் 100 நிலைமொழிகளும் ஒவ்வொரு முதலுக்கும் 50 வருமொழிகளும் சோதனைக்குத் தரப்படுவதாகக் கொள்வோம். நிலைமொழிகள் 2,400, வருமொழிகள் 1,100, ஆக 3,500 சொற்களே. கையாளத்தக்க சிறிய பட்டியல் போன்றே இது தோன்றும். ஆனால் அவற்றைப் பெருக்கினால் 26,40,000 இணைகள். இருவகைப் புணர்ச்சிக்கும் 52,80,000 சோதனைகள். ஒரு சோதனைக்கு ஆயிரத்தில் ஒரு நொடி எனக் கொண்டாலும் 5,280 நொடிகள், அதாவது 88 நிமிடங்கள் தேவை. 50 நிமிட வரம்பிலும் 1 மணி நேர வரம்பிலும் இது முடியாது. 6 மணி நேர வரம்பில் முடியும். எனினும் ஒற்றெழுத்து ஒன்றைத் திருத்திய பங்களிப்பாளர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேரும். வரம்பை உயர்த்துவது மீறலை நீக்குமேயன்றிக் காத்திருப்பை நீக்காது.

சொற்களை வெட்டுவதன் விளைவு

எளிதாகத் தோன்றும் தீர்வு, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓரிரு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை நீக்குவது. ஐகார ஈற்றுக்கு முன் ககரம் வரும் வேற்றுமைப் புணர்ச்சிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ‘யானை + கால்’ என்னும் சோதனை ‘யானைக்கால்’ என வந்து வெற்றி பெறும். கட்டம் நிறைவுற்றதாகவே காட்டப்படும். அதே கட்டத்தில் ‘பனை + காய்’ ஐகாரம் கெட்டு அம் பெற்றுப் ‘பனங்காய்’ ஆகும். அதே பனை, கொடி என்னும் வருமொழியோடு ‘பனைக்கொடி’ என ஐகாரம் கெடாது நிற்கும். ஒரே கட்டத்தில், ஒரே நிலைமொழிக்கு, ககரத்தையே முதலாக உடைய இரு வருமொழிகள் இருவேறு முடிபுகளைத் தருகின்றன.

இகர ஈற்றில் ‘புளி’ என்னும் சொல்லும் இத்தகையதே. மரத்தைக் குறிப்பின் அம் சாரியை பெற்றுப் ‘புளியங்கொம்பு’ ஆகும். சுவையைக் குறிப்பின் ‘புளிக்கறி’ எனவும் ‘புளிங்கறி’ எனவும் வரும். ‘தெங்கு + காய்’ முதல் நீண்டு ஈறு கெட்டுத் ‘தேங்காய்’ ஆவதும் பொதுவிதியால் பெறப்படுவதன்று.

சொற்பட்டியலை எழுந்தமானமாகப் பாதியாக்கினால் பொதுவிதிச் சொற்களில் பாதி போகும். ஆயினும் எஞ்சிய பாதி அப்பொதுவிதியைக் காத்து நிற்கும். சிறப்புவிதிக்கோ சான்றாக இருப்பது ஒரு சொல்லே. அது போனால் விதிக்குக் காவல் இல்லை. மேலும், அருகி வழங்கும் சொற்களே முதலில் வெட்டப்படுவது வழக்கம். ஆகவே எண்ணிக்கை அடிப்படையிலான குறைப்பு, மொழியின் தனித்தன்மை எங்கு மிகுதியோ அங்கே காவலை விலக்குகிறது. சோதனை ‘வெற்றி’ எனக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நிகழ்வதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

குறைக்கும் வழிமுறைகள்

*1. அளத்தல்*

எப்படிக்கு எவ்வளவு காலம் செல்கிறது என்பதை அளந்த பின்னரே எதையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியின் காலமும் பதிவேட்டிலேயே உள்ளது. பைத்தான் மொழியின் ‘பைடெஸ்ட்’ போன்ற சோதனைக் கருவிகள், மிக மெதுவான சோதனைகளைப் பட்டியலிடும் வசதி உடையவை.

*2. மீள்செயலைத் தவிர்த்தல்*

மேற்கண்ட கணக்கில் ஒவ்வொரு சோதனையிலும் நிலைமொழியையும் வருமொழியையும் எழுத்துகளாகப் பகுக்கும் செயல் உள்ளதெனின், ஒருகோடியே ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட முறை பகுத்தல் நிகழும். ஆனால் பகுக்கப்பட வேண்டிய சொற்கள் 3,500 மட்டுமே. தொடக்கத்தில் ஒருமுறை பகுத்து, ஈற்றெழுத்தையும் முதலெழுத்தையும் சேமித்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்யின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளின் இணைவாகவும் எழுத இயலும். இவ்விரு வடிவங்களையும் இயல்பாக்கும் செயலையும் இங்கேயே ஒருமுறை செய்தால் போதும். ஒரு சோதனையும் குறையாமலே காலம் குறையும் வழி இது.

*3. பொதுவிதி, சிறப்புவிதி அடுக்குமுறை*

சோதனைகளை மூன்று அடுக்காக்கலாம்.

முதல் அடுக்கில் 1,056 கட்டங்களுக்கும் கட்டத்திற்கு ஐந்து சொல்லிணை வீதம் 5,280 பொதுவிதிச் சோதனைகள் அமையும். முன்கூறிய வேகத்தில் இவை ஐந்தரை நொடிகளுக்குள் முடியும். தரவில்லாத கட்டங்கள் விடுபட்டால் எண்ணிக்கை இன்னும் குறையும்.

இரண்டாம் அடுக்கில் இலக்கண நூல்கள் பெயர் சுட்டிக் கூறிய சிறப்புவிதிச் சொற்கள் அனைத்தும், முன்பு பிழையெனக் கண்டு திருத்தப்பட்ட சொற்கள் அனைத்தும் இடம்பெறும். இப்பட்டியலிலிருந்து எச்சொல்லையும் காலத்தைக் காரணம் காட்டி நீக்கலாகாது. இவ்விரு அடுக்குகளும் ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைக்கும் இயங்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கில் 52,80,000 சோதனைகளும் முழுமையாக இயங்கும். ஆனால் நாளுக்கு ஒருமுறையோ, வெளியீட்டுக்கு முன்போ இயங்கினால் போதும். அதில் பிழை தென்பட்டால் அச்சொல் இரண்டாம் அடுக்கிற்கு உயர்த்தப்படும்.

நூற்பாக்களைப் பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என வகுத்த இலக்கண மரபின் அமைப்பே இது. எச்சொல் எந்த அடுக்கிற்கு உரியது என்பதை நிரலாளர் தனித்து முடிவுசெய்ய இயலாது. இலக்கணம் பயின்றவரே முடிவுசெய்ய வேண்டும்.

*4. பகுத்து இயக்குதல்*

முழுச் சோதனையைப் பல கணினிகளுக்குப் பகிரலாம். ஆயத்தச் செலவு 6 நிமிடம் எனக் கொள்வோம். ஒரே கணினியில் 94 நிமிடங்கள்; நான்கு கணினிகளில் 6 + 22 = 28 நிமிடங்கள்; எட்டில் 17 நிமிடங்கள்; பதினாறில் 11.5 நிமிடங்கள். எத்தனை கணினிகள் சேர்த்தாலும் 6 நிமிடத்திற்குக் கீழே செல்லாது. 1967இல் ஜீன் ஆம்டால் கூறிய வரம்பு இதுவே. மொத்தக் கணினிக் காலமோ கூடிக்கொண்டே போகும்: நான்கில் 112 நிமிடங்கள், பதினாறில் 184 நிமிடங்கள். கொடையாகப் பெறும் காலத்தைப் பலரும் பகிர்ந்துகொள்வதால், பகுத்தலுக்கும் அளவு வேண்டும். பகுக்கும்போது ஒவ்வொரு பகுதியின் காலமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். மிக மெதுவான பகுதியே மொத்தக் காலத்தை முடிவுசெய்கிறது.

*5. இடைச்சேமிப்பு*

அடுக்குமுறையால் சோதனைக் காலம் நொடிகளாகக் குறைந்தபின் எஞ்சுவது ஆயத்தச் செலவு. சார்பு நிரலகங்களை இடைச்சேமிப்பில் வைத்து அடுத்த பணிக்கு வழங்கலாம். சார்புகளின் பதிப்புகளைப் பட்டியலிடும் கோப்பிலிருந்து சேமிப்பின் அடையாளத்தைக் கணக்கிட வேண்டும். பட்டியல் மாறினால் அடையாளமும் மாறிப் பழையது கைவிடப்படும். அடையாளத்தைப் பொதுவாக வைத்தால் பழைய நிரலகத்தின்மீது புதிய விதி சோதிக்கப்பட்டுப் பொய்யான வெற்றி கிட்டும். களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் எடுக்காமல் அண்மைப் பதிவை மட்டும் எடுப்பதும் ஆயத்தச் செலவைக் குறைக்கும். கிட்ஹப் ஆக்சன்ஸின் களஞ்சியம் எடுக்கும் கருவி இயல்பாகவே அவ்வாறு செய்கிறது.

*6. தேவையற்ற பணிகளை நிறுத்துதல்*

ஒரே கோரிக்கையில் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வரும்போது பழைய பணியை நிறுத்திப் புதியதை மட்டும் தொடரலாம். ஆவணம் மட்டும் மாறினால் சோதனையைத் தவிர்க்கலாம். இவ்விடத்தில் தமிழ்க் கருவிகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. எளிய உரைக் கோப்புகளை ஆவணமாகக் கருதித் தவிர்க்கும் அமைவைப் பிற திட்டங்களிலிருந்து படியெடுப்பது உண்டு. சொற்பட்டியல்களும் விதிப்பட்டியல்களும் உரைக் கோப்புகளாகவே இருக்கும் மொழிக் கருவியில், அவ்வமைவு சோதிக்கப்பட வேண்டியதையே சோதனைக்கு அப்பால் நிறுத்திவிடும்.

*7. உரிய வரம்பைத் தாமே வகுத்தல்*

கிட்ஹப் ஆக்சன்ஸில் தனியே குறிப்பிடாவிட்டால் பணியின் வரம்பு 360 நிமிடங்கள். வழக்கமாகப் பத்து நிமிடங்களில் முடியும் பணி முடங்கினால் அது ஆறு மணி நேரம் வீணே காத்திருக்கும். வழக்கமான காலத்தைப்போல் இருமடங்கை வரம்பாகக் குறித்தால் முடக்கம் விரைவில் வெளிப்படும். ஒவ்வொரு சோதனைக்கும் தனி வரம்பு வைத்தால் எச்சொல்லில் முடங்கியது என்பதும் தெரியவரும். வரம்பைக் குறைப்பதால் வரம்பு மீறல் பெருகும் என எண்ணத் தோன்றும். பொருளற்ற நீண்ட மீறல், பொருளுள்ள குறுகிய மீறலாக மாறுவதே உண்மையில் நிகழ்வது.

*8. நிலையற்ற சோதனைகளைத் தனிமைப்படுத்துதல்*

புணர்ச்சி விதி போன்றவற்றுக்கான சோதனை இணையத்தைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை. வெளித்தளத்திலிருந்து சொற்பட்டியலைப் பெறும் சோதனை இருப்பின், பட்டியலின் நிலையான படியைக் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு இணையச் சார்பை நீக்க வேண்டும். திருத்தப்படும்வரை நிலையற்ற சோதனை தனிப் பணியில் இயங்கலாம். அதன் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• முழுக்காலவரம்பு மீறலும் மௌனவரம்பு மீறலும் வேறானவை. அவற்றைப் பிரித்தறியாமல் தீர்வு காண இயலாது.

• ஆயத்தச் செலவு, சோதனைப் பெருக்கம், முடக்கம், நிலையற்ற சோதனை ஆகிய நான்கும் மீறலின் காரணங்கள். இவற்றுள் சோதனைப் பெருக்கம் புணர்ச்சிச் சோதனையில் சிறப்பாக வெளிப்படுகிறது. 3,500 சொற்கள் 52,80,000 சோதனைகளாவது இதனைக் காட்டுகிறது.

• அளத்தல், மீள்செயல் தவிர்த்தல், அடுக்குமுறை, பகுத்தல், இடைச்சேமிப்பு என்னும் வரிசையில் தீர்வுகளைக் கையாள்வது தக்கது. கணினிகளைக் கூட்டுவதை முதற்படியாகக் கொள்ளலாகாது.

• சொற்பட்டியலை எண்ணிக்கை நோக்கிக் குறைப்பது சிறப்புவிதிகளின் காவலை நீக்கும். பொதுவிதிச் சான்றுகளைக் குறைக்கலாம். சிறப்புவிதிச் சான்றை நீக்கலாகாது. கருதுகோள் இவ்வாறு உறுதிப்படுகிறது.

• சோதனைச் சொற்களைத் தேர்ந்து அடுக்கும் பணி தமிழ் ஆய்வாளர்க்கு உரியது. விதியை எழுதிக்கொடுப்பதோடு அமையாமல், அவ்விதி நாளையும் பிழைபடாது நிற்பதற்கான சோதனையையும் எழுதிக்கொடுத்தல் வேண்டும்.

‘பனங்காய்’ என்னும் ஒரு சொல்லைச் சோதிக்க ஆகும் காலம் ஆயிரத்தில் ஒரு நொடி. அதனை மிச்சப்படுத்துவதால் எந்தக் காலவரம்பும் காக்கப்படப்போவதில்லை. வினைத்திரிபு, வேற்றுமையேற்பு முதலான பிற இலக்கணப் பகுதிகளுக்கும் இவ்வடுக்குமுறையை விரித்தாராய்வது மேலாய்வுக்கு உரியதாகும்.